சன்ரூஃப் ஒழுகுகிறதா? சிலிக்கன் வாங்குவதற்கு முன்

மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 1997ஆம் ஆண்டு ஜப்பான் கார் ஒன்று இருக்கிறது, சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) உள்ளது. மாரி மழை தொடங்கிய நாளிலிருந்து சாரதி பக்கத்து சன் வைசருக்கு மேலே, கூரையின் உள்பக்க லைனிங் துணி நனைந்து பழுப்பு வளையம் விழுந்திருக்கிறது. இரவு பெய்த மழை விட்ட பிறகு காலையில் காரை எடுத்தால், முதல் பிரேக்கிலேயே தண்ணீர் தோளில் கொட்டுகிறது. வலப்பக்கம், சாரதியின் காலடியில் காப்பெற்றும் ஈரம். கராஜில் காட்டியபோது கண்ணாடியைச் சுற்றி சிலிக்கன் அடித்து மூடிவிடச் சொன்னார்களாம். எந்த சிலிக்கன் நல்லது, ஒரு மாரி தாங்குமா என்று கேட்கிறார்.

சிலிக்கன் என்பது கராஜ்காரர் சொன்ன பதில். நீங்கள் உண்மையில் கேட்பது, தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சிலிக்கனைப் பற்றியும் சொல்வேன், ஆனால் அது கடைசியில்.

நான் எஞ்சின் மெக்கானிக் இல்லை. கல்முனையில் ஒரு குஷன் கடையில் வேலை பழகி, இருபது வருடத்துக்கு மேலாகக் காரின் உள்பக்க வேலைதான் செய்கிறேன்: சீற், கதவுப் பலகை, லைனிங், காப்பெற். லைனிங் மாற்றச் சொல்லி என்னிடம் வரும் பழைய கார்களில் நிறைய, உண்மையில் சன்ரூஃப் ஒழுகும் கார்கள். ஒழுக்கைப் பார்க்காமல் புதுத் துணி ஒட்டினால் அடுத்த மாரியில் அதுவும் கறை பிடிக்கும். அதனால் இந்த வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் றப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. கார் புதிதாக வந்த நாளிலும் அந்த றப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். அதைச் செய்தவர்களுக்கு அது தெரியும். அதனால் கண்ணாடிக்குக் கீழே, லைனிங் துணிக்கு மேலே, ஓரம் உயர்ந்த ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் தண்ணீர் அந்தத் தட்டில் விழுந்து, ஓரத்து வாய்க்காலில் ஓடி, மூலைகளில் இருக்கும் துளைகள் வழியாக மெல்லிய ரியூப்களுக்குள் இறங்கும். பெரும்பாலான கார்களில் நான்கு மூலைக்கும் நான்கு ரியூப். முன் இரண்டும் முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களுக்குள்ளே இறங்கி, முன் கதவுப் பிணைச்சலுக்குப் பக்கத்திலோ முன் மட்கார்ட்டுக்கு உள்ளேயோ வெளியே வரும். பின் இரண்டும் பின் தூண்களுக்குள் இறங்கி, பின் சில்லுக்கு மேலேயோ பின் பம்பருக்கு உள்பக்கமோ முடியும். மழையில் நிற்கும் காரின் கதவைத் திறந்து பிணைச்சல் பக்கம் பார்த்தால் சில கார்களில் தண்ணீர் சொட்டுவதைக் காணலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வடிகால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மட்டக்களப்புக்காரருக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். மாரியில் வாவி நிரம்பினால் ஊர் எல்லைக்கெல்லாம் சுவர் கட்டுவதில்லை. முகத்துவாரத்தில் மணல் மேட்டை வெட்டி விடுவோம், தண்ணீர் கடலுக்குப் போய்விடும். உங்கள் காரின் கூரைக்குள் நான்கு முகத்துவாரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றோ இரண்டோ மூடிக் கிடக்கிறது என்றுதான் நீங்கள் சொன்னதை வைத்து நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், அந்தப் பிரேக் விஷயம். மழை விட்ட பிறகும் பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் கொட்டுகிறது என்றால், எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. றப்பர் மட்டும் பழுது, வடிகால் சரி என்றால் தட்டில் விழுந்தது உடனே வடிந்திருக்கும், காலையில் கொட்ட எதுவும் மிஞ்சாது. தட்டு நிரம்பி நிற்பதால்தான் பிரேக் பிடித்ததும் தண்ணீர் முன்னுக்கு அலைபோல வந்து, ஓரத்தைத் தாண்டி லைனிங்கில் விழுகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் கொட்டுவதும் இதே காரணத்தால்தான். இந்த ஒரு அறிகுறியைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு. எந்த ரியூப், எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்பதைக் காரைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

காப்பெற் ஈரம் வேறு கதையாகவும் இருக்கலாம். லைனிங்கில் விழும் தண்ணீரே தூண் வழியாக இறங்கிக் காலடிக்கு வரலாம். அல்லது முன் ரியூப் தூணுக்குள்ளேயே கழன்றோ வெடித்தோ இருந்து, தண்ணீர் நேராகக் காலடிக்குப் போகலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இன்னொன்றையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏசி ஓடும்போது உள்ளே படியும் தண்ணீர் வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கும். அது அடைத்தால் தண்ணீர் காருக்குள்ளேயே ஒழுகும். நம்முடைய ஜப்பான் கார்களில் அது பெரும்பாலும் இடப்பக்கம், முன் பயணியின் காலடியில் வரும். மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு ஓடிய பிறகு இடப்பக்கம் ஈரமானால் சன்ரூஃபைக் குறை சொல்லாதீர்கள். உங்களுக்கு வலப்பக்கம், மழையோடு வருகிறது என்கிறீர்கள், அதனால் ஏசியாக இருக்க வாய்ப்புக் குறைவு. முன்கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்பதையும் யோசியுங்கள். அதன் மேல் மூலையில் ஒட்டுப் பசை சரியாகப் பிடிக்காமல் இருந்தாலும் தண்ணீர் இதே தூணில் இறங்கி இதே இடத்தில்தான் தெரியும். கதவுப் பலகைக்குப் பின்னால் இருக்கும் பொலித்தீன் தாள் கிழிந்திருந்தாலும் காலடி நனையும், ஆனால் அப்போது லைனிங் காய்ந்திருக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். மழை இல்லாத ஒரு காலையில், காரைச் சமதரையில் நிறுத்தி சன்ரூஃபை முழுதாகத் திறவுங்கள். ஏணியோ உறுதியான முக்காலியோ போட்டு மேலிருந்து பாருங்கள். முன் ஓரத்தின் இரு மூலைகளிலும் சுண்டுவிரலைவிட மெலிதான ஒரு துளை தெரியும். சில கார்களில் மண்ணும் இலைத்தூளும் மூடி, துளை இருப்பதே தெரியாது. பழைய பல்துலக்கும் பிரஷ்சும் ஈரத் துணியும் கொண்டு முதலில் தட்டைச் சுத்தப்படுத்துங்கள். குப்பையைத் துளைக்குள் தள்ளிவிடாமல் வெளியே எடுங்கள். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரை முன் வலது மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். வீட்டில் இன்னொருவரைக் கீழே நிற்க வைத்து, கதவுப் பிணைச்சல் பக்கமும் மட்கார்ட் உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ரியூப் சரியாக இருந்தால் சில நொடிகளில் தண்ணீர் நூல்போல வெளியே வரும். மேலே குளம்போல நின்றால் அடைப்பு. மேலே நிற்காமல் இறங்கிப் போய், வெளியேயும் வராமல், சற்று நேரத்தில் காலடியில் தெரிந்தால் ரியூப் உள்ளே கழன்றிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு இடது மூலைக்கும் இதையே செய்யுங்கள்.

பின் மூலைகள் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி பின்னுக்குப் போய் மறைத்திருக்கும். காரின் முன்பக்கம் உயர்ந்து நின்றால் பக்க வாய்க்காலில் ஊற்றும் தண்ணீர் பின்னுக்கு ஓடும். நம் பக்கம் தரை தட்டை, மேட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். வீட்டு கேற்றடியில் சாய்வுத் தளம் இருந்தால் அதில் ஏற்றி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கனமான பலகைகளில் முன் சில்லுகள் இரண்டையும் ஏற்றி, கைப்பிரேக் போட்டு, பின் சில்லுக்குக் கல் வையுங்கள். இதை வைத்து இன்னொன்றும் புரியும். வழக்கமாக மூக்கு தாழ்ந்து நிற்கும் கார் முன்மூலையில் ஒழுகும், மூக்கு உயர்ந்து நிற்கும் கார் பின்மூலையில் ஒழுகும். நிறுத்தும் திசையை மாற்றியதும் ஒழுக்கு நின்றுவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அது இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அடைப்பு எதனால் வருகிறது என்பதற்கு நம் ஊரில் நான் கண்ட காரணங்களைச் சொல்கிறேன். மரநிழலில் நிற்கும் கார்தான் முதலில். பெரிய இலை பிரச்சினை இல்லை, அது தட்டுக்குள் நுழையாது. முருங்கையின் சின்ன இலை, வேப்பம்பூ, புளிய இலை, இவைதான் றப்பர் இடுக்கில் நுழைந்து துளையில் போய் மக்கிச் சேறாகின்றன. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் தூசி தட்டில் படிகிறது. அப்போது மழை இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. முதல் பெருமழையில் அந்தத் தூசியும் இலைத்தூளும் குழைந்து ரியூபுக்குள் இறங்கி அடைக்கின்றன. அதனால்தான் கோடையில் நன்றாக இருந்த கார் மாரி பிறந்ததும் ஒழுகுகிறது. கீழ் வாயில் குளவி மண்கூடு கட்டி அடைத்ததையும் கண்டிருக்கிறேன். ஓடாமல் மாதக்கணக்கில் நின்ற கார்களில் இது வரும். சில கார்களில் கீழ் வாயில் பிளவு போட்ட றப்பர் மூக்கு ஒன்று இருக்கும். தண்ணீர் வரும்போது திறந்து, மற்ற நேரம் மூடியிருக்கும். வயது போனால் அந்தப் பிளவு ஒட்டிக்கொள்ளும், உள்ளே சேறு நிற்கும். விரலால் பிதுக்கினாலே கறுப்புத் தண்ணீர் கொட்டும். மேலே எவ்வளவு குத்தினாலும் பயன் இல்லை, அடைப்பு கீழே இருக்கிறது. அதனால் கீழ் வாயை முதலில் பாருங்கள்.

ரியூபைச் சுத்தப்படுத்த நான் பயன்படுத்துவது புல் வெட்டும் மெசினுக்குப் போடும் நைலோன் நூல். 2 அல்லது 2.5 மில்லிமீற்றர் தடிப்பு போதும், இரண்டு மீற்றர் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். வெட்டிய முனை கூராக இருக்கும், நெருப்பில் காட்டிச் சின்ன உருண்டையாக்கிக் கொள்ளுங்கள். மேலிருந்து மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். தடங்கல் வந்தால் அழுத்தித் தள்ள வேண்டாம். கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, திரும்பச் சுழற்றி இறக்குங்கள், இடையிடையே சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கட்டுக்கம்பி, சைக்கிள் கம்பி, இந்த வகை எதையும் விடாதீர்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட பழைய ரியூப் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், கம்பி அதன் பக்கத்தைக் குத்தி வெளியே போய்விடும். தண்ணீரை உறிஞ்சும் வக்குவம் கிளீனர் யாரிடமாவது இருந்தால், கீழ் வாயில் அதை வைத்து இழுப்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி.

கொம்பிரஷர் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கராஜில் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். வேலை தொடங்கிய முதல் வருடங்களில் நானும் அப்படித்தான் ஒரு வாடிக்கையாளரின் காருக்கு மேலிருந்து முழு அழுத்தத்தில் காற்று விட்டேன். ‘பட்’ என்று சத்தம் கேட்டது, அடைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையில் கூரைக்குள் ரியூப் மூலைக் குழாயிலிருந்து கழன்றிருந்தது. அன்று இரவு பெய்த மழையில் அவருடைய காலடி முழுக்கத் தண்ணீர். அடைப்போடு வந்தபோது இருந்ததைவிட மோசமான நிலையில் காரைக் கொடுத்திருந்தேன். தூண் மூடியைக் கழற்றி, லைனிங்கை இறக்கி, ரியூபைத் திரும்ப மாட்டி, இரண்டு நாள் காப்பெற்றைக் காயவைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அந்த ரியூப் வெறும் இறுக்கத்தில்தான் மாட்டி நிற்கிறது. கராஜ் கொம்பிரஷரின் 100 பிஎஸ்ஐ அழுத்தம் அதற்குத் தாங்காது. காற்று விட்டே ஆக வேண்டுமென்றால் சைக்கிள் கைப்பம்பு போதும். அதையும் நூல் விட்டு வழி ஓரளவு திறந்த பிறகு செய்யுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் கார் கழுவும்போதும் அந்தப் பீச்சுக்குழாயைச் சன்ரூஃப் ஓரத்தில் நேராகப் பிடிக்க விடாதீர்கள். தண்ணீர் தட்டின் ஓரத்தையே தாண்டிப் பாயும், நல்ல சன்ரூஃப்கூட அதற்கு ஒழுகும்.

ரியூப் கழன்றோ உடைந்தோ இருந்தால் தூண் மூடியைக் கழற்ற வேண்டும், லைனிங்கின் மூலையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். 1997 காரில் பெரும்பாலும் அது கிளிப்களில்தான் நிற்கும், கவனமாக இழுத்தால் வரும். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தூண் மூடியிலோ கூரை ஓரத்திலோ ‘எஸ்ஆர்எஸ் எயார்பாக்’ (மோதினால் ஊதி விரியும் பாதுகாப்புப் பை) என்று எழுதியிருந்தால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். பற்றரியைக் கழற்றி, காத்திருந்து, அதன் வயர் ஓட்டம் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. ரியூப் சுருங்கியதால் கழன்றிருந்தால் அதையே திரும்ப இழுத்து மாட்டினால் சில மாதங்களில் மறுபடி கழலும். ஹாட்வெயார் கடையில் அதே உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் ரியூப் வாங்கி முழு நீளத்துக்கும் மாற்றுங்கள். பழையதில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோனால் அளவு தவறாது. மெல்லிய சுவருள்ள ரியூப் வளைவில் மடிந்து தானே அடைத்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் தடித்ததாகப் பாருங்கள். மாட்டும் இடத்தில் சின்னக் கிளிப் போடுங்கள். வழியில் எங்கும் மேலேறி இறங்காமல், தொடர்ந்து கீழ்நோக்கியே போக வேண்டும்.

வடிகால் எல்லாம் சரியான பிறகுதான் கண்ணாடியையும் றப்பரையும் பார்க்க வேண்டும். வடிகால் ஓடினாலும், அளவுக்கு மீறித் தண்ணீர் உள்ளே வந்தால் தட்டு தாங்காது. சன்ரூஃபை மூடிவிட்டு கூரையைத் தடவிப் பாருங்கள். கண்ணாடியின் முன் ஓரம் கூரையோடு சமமாகவோ, அதிகம் போனால் 1 மில்லிமீற்றர் தாழ்ந்தோ இருக்கலாம். பின் ஓரம் சமமாகவோ 1 மில்லிமீற்றர் உயர்ந்தோ இருக்கலாம். ஓடும்போது காற்று கண்ணாடிக்குக் கீழே புகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதைவிடக் கூடுதலாகத் தாழ்ந்திருந்தால் அங்கே தண்ணீர் குளம் கட்டும். இரு பக்கத்திலும் மூடிகளுக்குள் இருக்கும் ஸ்குரூக்களை இளக்கி உயரத்தைச் சரி செய்யலாம், ஒரு நேரத்தில் ஒரு மூலை மட்டும். றப்பர் பிடிப்பைச் சோதிக்க இருபது ரூபாய் நோட்டு ஒன்றை ஓரத்தில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே றப்பர் அமுங்கிப் போயிருக்கிறது அல்லது கண்ணாடி தாழ்ந்திருக்கிறது. றப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஒயில் போட்டுத் துடைக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. உடனே பளபளக்கும், ஆனால் அந்த றப்பர் எண்ணெயில் ஊதிப் பதம் கெட்டுவிடும். றப்பரே வெடித்திருந்தால் புதிதுதான் வேண்டும். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம், செசி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். கழற்றிய பழைய றப்பரை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, அதற்கும் உங்களுடையதன் வயதுதான்.

இப்போது சிலிக்கன். உங்கள் காருக்கு இன்றைய நிலையில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம் மூன்று. வடிகால் அடைத்திருக்கும்போது மேலே பூசினால், வெயிலில் கூரை விரிந்து சுருங்க ஒரு மயிரிழை விலகும், தண்ணீர் அதன் வழியாக வந்து வெளியேற வழி இல்லாமல் முன்பைவிட அதிக நாள் உள்ளேயே நிற்கும். இரண்டாவது, கடையில் மலிவாகக் கிடைக்கும், வினாகிரி வாசம் வரும் சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை விடுகிறது, அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் உப்புக் காற்றில் நிற்கும் காருக்கு அதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மூன்றாவது, ஒருமுறை சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது, குழி குழியாக விழும். டிங்கர் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கூரையைச் சுத்தப்படுத்துவதற்குள் அவர்கள் படும் பாட்டைச் சொல்வார்கள்.

ஆனால் மூடிவிடுவதே சரி என்று நானும் சொல்லும் நிலை உண்டு. மோட்டரோ கேபிளோ உடைந்து, சாமான் கிடைக்காமல், சன்ரூஃபை இனித் திறக்கப் போவதே இல்லை என்றால் மூடலாம். அப்போதும் நான்கு ரியூப்களையும் முதலில் திறந்துவிட்டு, துருவைச் சுரண்டிப் பூச்சுப் போட்டுவிட்டு, முன்கண்ணாடி ஒட்டும் பொலியூரித்தேன் பசையால் செய்ய வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களை மக்கள் விடாமல் வைத்துப் பராமரித்தார்கள், அந்த வருடங்களில் இப்படி இரண்டு மூன்று கார்களை நானே மூடிக் கொடுத்திருக்கிறேன். உங்களுடையது திறந்து மூடுகிறது என்றால் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. இந்த வாரமே மழை விடாமல் பெய்தால், கூரையை நன்றாகத் துடைத்து, தடித்த பொலித்தீனை விரித்து அகலமான மாஸ்கிங் ரேப்பால் நான்கு பக்கமும் ஒட்டி நாட்களைக் கடத்தலாம். வெயில் வந்ததும் கழற்றிவிடுங்கள், பசை பெயின்ட்டில் காய்ந்து பிடித்துவிடும்.

காப்பெற் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் தடித்த பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு அடியில் இருப்பது தகரத் தரை. ஓட்டை விழுந்த தரையோடு வரும் கார்களில் நிறைய இப்படித்தான் தொடங்கின. அதோடு, நம்முடைய பல கார்களில் ஃபியூஸ் பெட்டி சாரதியின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் தண்ணீர் இறங்கும் தூணும் அதே பக்கம். கதவுக் கண்ணாடி தானாக இறங்குவது, லைட் மங்கி மங்கி எரிவது, இப்படி ஏதாவது தொடங்கியிருந்தால் இனி ஓடாமல் பற்றரியைக் கழற்றிவிட்டு ஒரு வயரிங்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் சாரதி சீற்றைக் கழற்றி, காப்பெற்றைத் தூக்கி அடியில் செங்கல்லோ போத்தலோ வைத்துக் காற்றுப் படவிடுங்கள். சீற்றுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் கண்டால் அது எயார்பாக் வயர், சீற்றை அப்படியே விட்டுவிட்டுக் காப்பெற் ஓரத்தை மட்டும் தூக்குங்கள். வெயில் இல்லாத நாட்களில் வீட்டு மேசை மின்விசிறியைக் கதவடியில் வைத்து ஓட விடலாம், இரண்டு மூன்று நாள் எடுக்கும். லைனிங்கில் விழுந்த பழுப்பு வளையத்தை இப்போது தேய்க்க வேண்டாம். ஈரத் துணியைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் பசை விட்டுத் துணி தொங்கும். ஒழுக்கு நின்று நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்கலாம், பெரும்பாலும் அந்தக் கறை முழுதாகப் போகாது, துணி மாற்றத்தான் வேண்டும்.

நான்கு ரியூபும் நன்றாக ஓடி, கண்ணாடியும் சமமாக இருந்து, அதற்குப் பிறகும் ஒழுகினால் இரண்டு சந்தேகம் மிஞ்சும். ஒன்று தட்டிலேயே வெடிப்பு அல்லது துரு ஓட்டை. அதைப் பார்க்க லைனிங்கை முழுதாக இறக்க வேண்டும். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை, அனுபவமுள்ள குஷன்காரரிடம் கொடுங்கள். மற்றது முன்கண்ணாடி. அதற்குத் தோட்டத்துக் குழாயை மெதுவாகத் திறந்து, சன்ரூஃபை நனைக்காமல், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மேலே மேலே போங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். ஒருவர் உள்ளே டோர்ச் வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து எது எது என்று தெரியாமல் போகும்.

முன் வலது மூலையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி, மேலே தேங்கியதா, எங்கே வெளியே வந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதுங்கள். முன்கண்ணாடி மாற்றியதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு, தூண் மூடியைக் கழற்ற வேண்டுமா இல்லையா என்று சொல்கிறேன்.